குலோடனிலிருந்து வந்த கல்

அப்பாவை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது போர்ட் கிள்ளான் போகும் சாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காருக்குள் வைத்துத்தான். அம்மா நண்டு வாங்கி வரச் சொல்லியிருந்தார். நேராகப் போய் அடுத்த டிராபிக் லைட்டைத் தாண்டினால் துறைமுகப் பக்கம் வந்துவிடும். அப்பா அதற்கு முன்பே சிக்னல் போட்டு, பண்டமாரான் கடைத்தெருவுக்குள் காரைத் திருப்பினார். வானொலியில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் மடியில் கைப்பேசி திறந்திருந்தது. அதில் குலோடன் என்ற இடத்தின் படம். ஸ்காட்லாந்தின் வடக்கே, பழைய போர் ஒன்று நடந்த பொட்டல். ஒரு பக்கம் சிவப்புக் கொடிகள், எதிர்ப்பக்கம் நீலக் கொடிகள், நடுவில் ஒரு நடைபாதை. கொடிகள் இருப்பது இரண்டு படைகளும் நின்ற இடம். பாதையோரம் மேடு மேடாக இருப்பவை புதைகுழிகள். படத்தில் ஒரு குடும்பம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அந்த மேடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. இத்தனை சாவு விழுந்த இடத்தில் ஒரு மனிதரை நடக்க வைத்துவிட்டால், ஒரு டிராபிக் லைட்டைத் தாண்ட வைக்க முடியாதா? அவ்வளவுதான் என் யோசனை. எழுதிப் பார்க்கும்போது கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அவசரக்காரி. கார் பண்டமாரானைத் தாண்டுவதற்குள் பயணத்தில் பாதியை மனதுக்குள் முடித்துவிட்டேன்.

அந்த டிராபிக் லைட்டில்தான் என் அண்ணன் செத்துப்போனான். கிடங்கு வேலை முடிந்து, மழையில், மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். கொண்டெய்னர் லோரி ஒன்று இடது பக்கம் திரும்பியது. லோரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், திரும்பும்போது அந்தப் பக்கம் கண்ணுக்குப் படாத ஓர் இடம் இருக்கிறது என்று. அப்பாவுக்கும் தெரியும். அவரும் கொண்டெய்னர் லோரி ஓட்டுபவர். அண்ணனை இடித்த லோரியின் ஓட்டுநரைக்கூட அவருக்குத் தெரியும். ஒரே கடையில் தே தாரிக் டீ குடிப்பவர்கள். சாவு வீட்டுக்கு அந்த மனிதர் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அப்பா வெளிச்சாலையில் லோரி ஓட்டவில்லை. முதலாளியிடம் சொல்லி யார்டுக்குள்ளேயே கொண்டெய்னர் நகர்த்தும் வேலைக்கு மாறிக்கொண்டார். வேலைக்குப் போவதும் வருவதும் பண்டமாரானைச் சுற்றித்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் அது மட்டும் பிரச்சினை இல்லை. விபத்தில் போனவர்கள் போன இடத்திலேயே திகைத்து நின்றுவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறோம். வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போய்ச் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, வா, வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அம்மா கருமாதிக்கு முன்பே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். வந்து உட்கார்ந்து, "வரல. நான் கூப்பிட்டா என்னைக்கு வந்திருக்கான்? வெளையாடப் போனா அவங்கப்பா லோரி ஹார்ன் கேட்டாத்தான் வீட்டுக்கு ஓடி வருவான். இவருதான் போகணும்" என்றார். அப்பா போகவில்லை. மாதங்கள் ஓடின. வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் இன்னும் அந்த டிராபிக் லைட்டில் நின்றுகொண்டிருக்கிறான் என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. மழை வந்தால் ஜன்னலோரம் போய் நிற்பார்.

ஸ்காட்லாந்து எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அண்ணனும் நானும் போவதாக இருந்த பயணம். கோட்டைப் பைத்தியம் எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலேயே பிடித்தது. கிள்ளானில் கோட்டை என்று காட்டுவதற்கு ஒரு குன்றின் மேல் ஒரு வாசல்தான் மிச்சம். அதைப் பார்க்கப் போய், உள்ளே ஒன்றுமே இல்லாததால், மீதியை நாங்களே கட்டிக்கொண்டோம். அட்டைப்பெட்டியில் மதில், ரப்பர் வளையத்தில் கவண். பெரியவர்களான பிறகு, நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து வரைபடம் போட்டோம். அவன் விரலை ரசத்தில் தொட்டு இலையில் மலையும் ஆறும் வரைவான். "குலோடன் எனக்கு, கோட்டை எல்லாம் உனக்கு" என்பான். தோற்ற பக்கத்தின் மேல்தான் அவனுக்கு ஆசை.

என் யோசனையை வீட்டில் சொன்னபோது அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"துக்க வீடு. இன்னும் வருஷம் திரும்பல. இப்ப உனக்கு ஊர் சுத்தணுமா?"

"கோயிலுக்கா போறோம்? செத்தவங்க எடத்தப் பாக்கத்தாம்மா போறோம்."

"அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? உங்கப்பா பாக்க வேண்டிய எடம் இங்கயே இருக்கு."

அப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "சரி, போயிட்டு வாங்க. ஆனா வந்தவுடனே இவரு அங்க போயி அவனக் கூப்பிடணும். அவன் வராம இந்த வீட்ல நான் படையல் போட மாட்டேன். யாருக்குப் போடுறது, போட்டோவுக்கா?"

கை கழுவ எழுந்தபோது அப்பா கேட்டார்: "அங்க குளிரு எப்படி இருக்கும்?"

அதுதான் அவர் சம்மதம். எதற்குச் சம்மதித்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

எடின்பரோவில் இறங்கியபோது மழை. அங்கே மழைக்குச் சத்தமே இல்லை. அப்பா இரண்டு ஸ்வெட்டர்களுக்கு மேல் கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கோட்டை வாசலில் டிக்கெட் கிழித்தவரிடம், "தேங்க்யூ பாஸ்" என்றார். அந்த ஆளும், "யூ ஆர் வெல்கம், பாஸ்" என்றார். அன்று முழுக்க நடந்த ஒரே நல்ல விஷயம் அது. நான் பேசிக்கொண்டே போனேன். எந்த மதில் எப்போது விழுந்தது, எந்த அறையில் யார் தலை போனது. அப்பா, "ம்ம்" என்பார். ஸ்டர்லிங் கோட்டை பாறையின் உச்சியில் நிற்கிறது. அதன் மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கிரேன் இல்லாம இந்தக் கல்ல எல்லாம் எப்படி மேல ஏத்துனானுங்க?"

"கயிறு, உருளை, மாடு. ஆளுங்களே இழுத்திருப்பாங்கப்பா."

"அப்ப நெறய பேரு அடியில போயிருப்பான்" என்றார். "அவனுங்களுக்குப் பேரு போட்டு ஒரு போர்டும் இல்ல."

செயின்ட் ஆண்ட்ரூஸில் கடலோரத்தில் ஒரு கோட்டை இடிந்து கிடக்கிறது. அதற்குள் பாறையில் குடைந்த ஒரு நிலவறை. வாய் குறுகல், அடி அகலம், ஒரு போத்தலைப் போல. கைதிகளைக் கயிற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை உருவிக்கொள்வார்களாம். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா விளிம்பில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"மேலேர்ந்து கூப்பிட்டா கீழ கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்ப்பா. ஆனா ஏறி வர முடியாது."

"கேட்டும் வர முடியாதா" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு கடல் பக்கமாகப் போனார். எனக்கு அப்போதாவது வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். காற்றில் பின்னாலேயே போய், உள்ளே யார் யாரைப் போட்டார்கள் என்று மீதியையும் சொன்னேன்.

வடக்கே போக வாடகைக்குக் கார் எடுத்தோம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அப்பாவின் தோள் இறுக்கம் தளர்ந்தது. யார்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு முழுச் சாலை கிடைத்திருந்தது. பனிமூட்டம், இரண்டு பக்கமும் பழுப்பு மலைகள், எங்கேயும் ஆள் இல்லை. ஒரு வளைவில் கம்பத்தில் ஏதோ கட்டியிருந்தது. கிட்டே வந்ததும் தெரிந்தது: பிளாஸ்டிக் சுற்றிய பூக்கள், ஒரு காற்பந்துக் குழுவின் கழுத்துத் துணி, நனையாமல் உறைக்குள் வைத்த படம், அங்கே விபத்தில் போன பையனுடையது.

எங்கள் ஊரில் சாலையோர முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது லோரிக்காரர்கள் ஹார்னை லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். அப்பா அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. இங்கேயும் அவர் கை தன்னால் ஹார்னுக்குப் போனது. போய், அதன் மேலேயே நின்றது. தட்டவில்லை. கம்பம் பின்னால் போனதும் கை மெதுவாக ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

குலோடனில் படத்தில் பார்த்த கொடிகள் அப்படியே இருந்தன, காற்றில் கிழிந்துவிடுவதைப் போல அடித்துக்கொண்டு. அண்ணன் இலையில் ரசத்தால் வரைந்த இடம். நீலக் கொடி வரிசையில் நின்று அப்பாவுக்குச் சொன்னேன். தோற்ற பக்கம் இதுதான், இரவெல்லாம் நடந்து வந்தவர்கள், வயிற்றில் ஒன்றும் இல்லை. எதிரே பீரங்கி. நடுவில் சதுப்பு நிலம். வாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கால் புதைந்தது. ஒரு சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. விழுந்து கிடந்து உயிர் இருந்தவர்களையும் பிறகு வந்து கொன்றார்கள்.

அப்பா கேட்டுக்கொண்டே சதுப்பைக் காலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் மேலே வந்தது. புதைமேடுகளுக்கு வந்தோம். ஒவ்வொரு மேட்டின் முன்னாலும் ஒரு கரடுமுரடான கல், அதில் ஒரு பெயர்.

"ஒரு ஆளுக்கு இவ்ளோ பெரிய மேடா?"

"ஒரு ஆளு இல்லப்பா. அது கூட்டத்துப் பேரு, நம்ம ஊர்ல வகையறான்னு சொல்ற மாதிரி. அந்தக் கூட்டத்து ஆளுங்க எல்லாரும் ஒண்ணா உள்ள இருக்காங்க."

"யாரு யாருன்னு தெரியாதா?"

"தெரியாது. தொப்பில சொருகியிருந்த செடிய வச்சு எந்தக் கூட்டம்னு பிரிச்சாங்கன்னு சொல்வாங்க. அதுவும் தெரியாதவங்கள எல்லாம் அந்தா, அந்தக் கடைசிக் கல்லுக்கிட்ட போட்டுட்டாங்க."

அப்பா அந்தக் கடைசிக் கல்லிடம் போனார். கலந்த கூட்டங்கள் என்ற பொருளில் அதில் இரண்டு வார்த்தைகள். அவற்றை விரலால் தடவினார்.

"பெத்தவ வந்தா எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், கல்லைப் பார்த்தே பேசினார்.

"அன்னிக்கு நானும் அந்த ரோட்லதான் இருந்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஜாம். மழை. முன்னால லோரிங்க வரிசையா நிக்குது. யாரோ மோட்டார்க்காரன் விழுந்துட்டான்னு பக்கத்து லோரிக்காரன் சொன்னான். கப்பலுக்கு நேரமாச்சு. நானும் ஹார்ன் அடிச்சேன். எல்லாரும் அடிச்சானுங்க, நானும் அடிச்சேன். ஓரமா எடுத்துப் போடுங்கடான்னு கத்துனேன். அப்புறம் போன் வந்துச்சு, உங்கம்மா. எறங்கி நடந்து போனேன். கிட்டதான்." காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். "அவனுக்கு உயிர் இருந்துச்சுன்னு சொன்னாங்க, கொஞ்ச நேரம். என் லோரி ஹார்ன் அவனுக்குத் தெரியும்மா."

அவ்வளவு நேரம் படபடவென்று பேசியவள் நான். போர், மன்னர்கள், துரோகம் என்று தலை நிறைய வைத்திருந்தேன். அப்பாவின் ஜாக்கெட் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அப்பா, "நீ முன்னால போ, வரேன்" என்று குனிந்து காலணிக் கயிற்றைச் சரி செய்தார்.

அந்தக் காலணிக்குக் கயிறே கிடையாது, ஒட்டும் பட்டைதான் என்பது கிள்ளானுக்குத் திரும்பி வந்த பிறகு, அம்மா பெட்டியைக் காலி செய்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் காலுறைக்குள்ளிருந்து ஒரு கல் விழுந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் கல், அடியில் கொஞ்சம் பாசி.

"என்ன இது?"

அப்பா கதவோரம் நின்றார். "கருமாதியில நட்டோமே, அவனுக்குன்னு ஒரு கல்லு. ஆத்துல விட்டாச்சு இல்ல. அவன் பாக்கணும்னு சொன்ன எடம் அது. அதான் அங்கேர்ந்து ஒண்ணு..."

"எங்கேர்ந்து? பொதச்ச எடத்துலேர்ந்தா?"

அம்மா கல்லைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே கேட்டுக்கு வெளியே போனார்.

"சுடுகாட்டுக்குப் போனா கால் கழுவாம உள்ள வர மாட்டோம். இவரு காலுறையில போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காரு. நம்ம புள்ளையக் கூட்டிட்டு வாங்கன்னா, யாரோ வெள்ளக்காரனக் கூட்டிட்டு வந்து நிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடி விழும் என்றும் தெரிந்தது.

கல் கேட்டுக்கு வெளியே, குப்பைத்தொட்டிக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில் தங்கியது. உள்ளே கொண்டுவர முடியாது, சாக்கடையில் எறியவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. இப்படி எடுத்துப் போன கற்களை அந்த ஊருக்கே தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு என்று நான் சொன்னேன். "செத்தவனுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவியா?" என்றார் அம்மா. அடுத்த நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், கல்லின் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நான் பார்ப்பதைப் பார்த்து, "யாரு பெத்த புள்ளையோ, வயித்துல ஒண்ணும் இல்லாம ஓடுனான்னு நீதான சொன்ன" என்று உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து கேட்டருகே நின்றபடி சொன்னார்: "அந்தக் கல்லக் கடல்ல விட்றலாம். படகுத்துறையில."

"கடலுக்கு எந்த வழியாப் போவீங்க?" என்றார் அம்மா. "பண்டமாரானச் சுத்தியா?"

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குலோடனில் சொன்னதை, அதே சொற்களில், அதே வரிசையில், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். எடுத்துப் போடுங்கடா என்று கத்தியதையும் விடவில்லை.

அம்மா செருப்பு அடுக்கும் பலகையின் மேல் உட்கார்ந்தார். தெருவில் ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய், முனையில் திரும்பி, மறுபடியும் வந்தது. பிறகு அம்மா எழுந்து உள்ளே போனார். அதிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டு மேசையில் வைப்பார், எனக்குச் சொல்லச் சொல்வார்.

இந்த வாரம் அப்பா முதலாளியைப் போய்ப் பார்த்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு, கொண்டெய்னர் மாட்டாமல், லோரியின் தலையை மட்டும் கேட்டிருக்கிறார். கார் ஏன் ஆகாது என்று கேட்டேன். "கார் ஹார்ன் அவனுக்குத் தெரியாது" என்றார். ஒரு தட்டு, வீட்டு முனையில் திரும்பும்போது அடிப்பாரே, அதைப் போல லேசாக. அதற்குப் பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. முதலில் ஹார்ன் அடித்தால் அவன் பயந்துவிட மாட்டானா என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அப்பாவுக்கும் அது இருக்கும்.

என் பங்குக்கு நான் அந்தச் சந்திப்புக்குத் தனியாகப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒரு போர்க்களத்தைப் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தேன், வேறு விதமாகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. லோரிகள் எங்கே ஒதுங்குகின்றன, எங்கே திரும்புகின்றன, சூடம் ஏற்ற ஓரத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது. தாளில் வரைந்து, லோரி திரும்பும் வழிக்குச் சிவப்பும் அண்ணனின் மோட்டார் வந்த வழிக்கு நீலமும் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தார். நீலக் கோடு முடியும் இடத்தில் விரலை வைத்து, "இங்கயா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று அம்மா தேங்காய் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு. ஒன்று சந்திப்பில் உடைக்க. இன்னொன்று படகுத்துறையில், கல்லோடு சேர்த்துக் கடலில் விட. போகும்போது கல்லை நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் இடம் விட வேண்டும், யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இவ்வளவையும் அம்மா என்னிடம்தான் சொன்னார், ஆனால் அப்பா காதில் விழும்படி.

அப்பா கை ஹார்னுக்கு மேலேயே மறுபடியும் நின்றுவிடலாம். அந்த விளக்கைப் பார்த்ததும் பண்டமாரான் பக்கம் ஒடித்துவிடலாம். எதுவும் நடக்கலாம். ஆனால் இன்று காலை யார்டுக்குக் கிளம்பும் முன் என் வரைபடத்தை அவரே கையில் எடுத்துப் பார்த்தார்.

"பச்சை விழுந்துச்சுன்னா பின்னால வர்றவன் நிக்க விட மாட்டான்" என்றார். "சிவப்பு விழணும்."